மூன்றாம் எண் துளைக்கு வைத்த பொட்டு

ஏழாம் கட்டை, தங்காக்.
8 ஜனவரி 2026, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

என் அக்காள் தனலெட்சுமி ஈன்ற ஏகபுத்திரியும், கருங்கல்லின் மனத்தில் உள்ளதைக் காது வைத்துக் கேட்பவளும், ஜொகூர் மாநிலத்தின் அடிவயிற்றையே எக்ஸ்ரே எடுத்துக் கையில் வைத்திருப்பவளுமாகிய மருமகள் தேன்மொழிக்கு, மூன்றாம் எண் துளைக்கிணற்றின் கௌரவக் காவலரும், பெக்கான் நானாஸ் அன்னாசி டின் ஆலையின் ஓய்வுபெற்ற தலைமைத் தட்டுநரும், உன் ஒரே தாய்மாமனுமாகிய காளிதாஸ் சகல மரியாதைகளோடும் வரைந்துகொள்ளும் நன்றி மடல்.

இங்கே நானும் உன் அத்தை பிரேமலாவும் மூன்றாம் எண் துளையும் ஆக மூவரும் சுகம். பத்து நாளாக விடாத மழை. எங்கள் கோழிகள் நீச்சல் பழகிவிட்டன, அதில் ஒன்று மல்லாந்து நீந்துகிறது. அங்கே மெர்சிங்கில் நீயும் நீ இப்போது துளைத்துக்கொண்டிருக்கும் இரண்டாவது பாறையும் சுகமாக இருக்கிறீர்களா? உனக்குப் போன் அடித்தால் லைன் கிடைக்காமல் ஒரு மலாய்ப் பெண்மணியின் குரல்தான் பேசுகிறது. நாலு நாளாக அவளிடமே நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைவிட மரியாதையாகப் பேசுகிறாள். ஆகவேதான் இந்தக் கடிதம். தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துப்போக உங்கள் டிரைவர் செல்வா நாலு மணிக்கு வேனில் வருகிறான். இங்கிருந்து நேரே உன்னிடம்தான் வருகிறானாம். நாளை வெள்ளிக்கிழமை, இந்த இடம் தேறிவிட்டது என்ற அறிக்கையில் நீ கையெழுத்துப் போடப் போகிறாய் என்று அக்காள் சொன்னாள். பேனாவின் மூடியை நீ திறப்பதற்கு முன் என் நன்றி உன் கைக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதல் நன்றி, வேலை கொடுத்ததற்கு. அறுபத்தொன்பது வயதில், தேங்காய் திருவக்கூட உன் அத்தை என்னை நம்பாத இந்தக் காலத்தில், நீ நாட்டின் பாதுகாப்பையே தூக்கி என் கையில் கொடுத்தாய். போன மார்ச்சில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு வெண்டைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு நீ விளக்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குப் பயன்படுத்தித் தீர்ந்தவை, தொழிற்சாலைகளில் அளவு பார்க்கும் கருவிகளுக்குள்ளே இருந்தவை என்று கதிரியக்கச் சரக்கு கொஞ்சம் நம் நாட்டில் சேர்ந்து கிடக்கிறது, ஒவ்வொன்றும் இந்த வெண்டைக்காய் அளவுகூட இல்லை, ஆனால் சிலவற்றின் வீரியம் அடங்குவதற்குள் நம் கொள்ளுப்பேரன்களின் கொள்ளுப்பேரன்கள் ஓய்வுபெற்றுவிடுவார்கள், ஆகவே அவற்றை எஃகுக் குப்பியில் அடைத்து, சிமெண்டில் பொதித்து, கருங்கல் பாறைக்குள் ஆழத் துளையிட்டு இறக்கிவிடலாம் என்றாய். ஆனால் அந்தப் பாறைக்குள்ளே தண்ணீர் நடமாடக் கூடாது, நடமாடினால் என்றைக்காவது எதையாவது கைப்பிடித்து மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்றும் சொன்னாய். அதைச் சோதிக்கத்தான் மேட்டில் இருக்கும் முதல் துளையில் ஆளுக்கும் மாட்டுக்கும் கெடுதல் செய்யாத பச்சைச் சாயத்தை ஊற்றினீர்கள். கீழே சுற்றிலும் நாலு துளைகள். அவற்றில் ஒன்றான இந்த மூன்றாம் எண், என் வாழைத்தோப்புக்குப் பின்னால். எந்தத் துளையிலாவது சாயம் தலைகாட்டினால் இந்த இடம் வேண்டாம், தலைகாட்டாவிட்டால் மேற்கொண்டு பேசலாம். அவ்வளவுதான் வேலை. வாராவாரம் வியாழக்கிழமை நீ கொடுத்த நீளக் குழாயைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் மொண்டு, பழுப்புப் புட்டியில் நிரப்பி, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டியது. அந்தக் குழாய்க்கு நான் மொள்ளி என்று பெயர் வைத்தேன். மனிதனுக்கு வேலை முக்கியமில்லை, வேலைக்கு ஒரு பட்டம் முக்கியம். நான் கௌரவக் காவலர் என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டதை நீ இன்றுவரை கண்டுகொள்ளாமல் இருப்பதற்கும் தனியாக ஒரு நன்றி.

இரண்டாவது நன்றிக்கு வருமுன் நான் செய்த திருப்பணியை என் வாயாலேயே ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுகிறார்கள். அக்டோபர் முதல் தேதி ஆயுத பூஜை. வழக்கம்போல வீட்டில் உழைக்கும் சகல ஜீவன்களையும் துடைத்து வரிசையில் நிறுத்தினேன். கார், வாஷிங் மெஷின், அரிசி குக்கர், உன் அத்தையின் மிக்ஸி, புல் வெட்டும் மெஷின், பாராங் கத்தி, ஓசையை வைத்தே கெட்ட டின்னைக் கண்டுபிடிக்க ஆலையில் முப்பத்தோரு வருஷம் நான் தட்டிய மூங்கில் குச்சி. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துத் திரும்பினால், சுவர் ஆணியில் மொள்ளி தொங்குகிறது. பிறந்தநாள் விருந்துக்குக் கூப்பிடாத பிள்ளை மாதிரி என்னையே பார்க்கிறது. நீயே சொல்லு, வாஷிங் மெஷினுக்கு வைத்துவிட்டு, கதிரியக்கத்தைத் தடுக்கும் கருவிக்கு வைக்காமல் விட்டால் நான் மனுஷனா? எடுத்தேன், கழுவினேன், உன் அத்தை அம்மியில் அரைத்துக் கொடுத்த பச்சை மஞ்சளை அதன் உடம்பெல்லாம் பூசினேன், வாயிலும் பூசினேன், கையை விட்டு உள்ளேயும் பூசினேன், சந்தனம் குங்குமம் வைத்தேன். பக்கத்தில் இருந்த பன்னிரண்டு காலிப் புட்டிகள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு துளி தொட்டு வைத்தேன். மறுநாள் விஜயதசமி, அதுவும் வியாழக்கிழமை. அன்று மொள்ளியைத் துளைக்குள் இறக்கியபோது எனக்குப் புல்லரித்தது. பூமாதேவிக்கும் புல்லரித்திருக்கும்.

இரண்டு வாரத்தில் உங்கள் சோதனைக்கூடம் சொல்லிவிட்டது, மூன்றாம் எண் துளையில் பச்சை. உன் மேலதிகாரி டாக்டர் வசந்தன் இந்த இடத்தையே கைவிடலாம் என்று எழுதிவிட்டாராம். நீ அழாத குறையாகப் போனில் பேசியபோது உனக்காக நானும் வருந்தினேன், சத்தியமாக வருந்தினேன், ஆனால் முழுசாக வருந்துவதற்குள் வாசலில் மாலையோடு ஆள் வந்துவிட்டது. நம் கோயில் தலைவர் கண்ணையா! இருபது வருஷமாக மைக்கை என் பக்கம் திருப்பாத அதே கண்ணையா! தீபாவளிக்கு மறுவாரம் கோயில் மண்டபத்தில் எனக்குத் தங்காக் ஜவுளிக்கடையில் எடுத்த பொன்னாடை போர்த்தி, "நம்ம காளிதாஸ் அண்ணன் ஒத்த ஆளா தண்ணி மொண்டே இந்த ஊரைக் காப்பாத்திட்டாரு. இவரு மட்டும் இல்லேன்னா நம்ம பிள்ளைங்கள்லாம் ராத்திரியில டார்ச் லைட் இல்லாமலே நடந்திருக்கும்" என்று பேசினார். கைதட்டல் குனோங் லேடாங் உச்சிவரை போய், அங்கே கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்தது. நான் அடக்கமாக ஏற்புரை சொன்னேன். ஐம்பது நிமிஷம்.

அதற்கடுத்த சனிக்கிழமை நீ முன்னறிவிப்பு இல்லாமல் வந்தாய். என்னைத் தாண்டி, பொன்னாடையைத் தாண்டி, நேரே பின்கட்டுக்குப் போய் ஆணியில் தொங்கும் மொள்ளிக்கு முன்னால் நின்றாய்.

"மாமா, இது என்ன?"

"பொட்டு மா."

"அது தெரியுது. எப்ப வச்சீங்க?"

"ஆயுத பூஜைக்குத்தான். ஏன், நல்லா இல்லையா?"

"வெளிய மட்டும்தானே வச்சீங்க?"

"வெளிய மட்டும் வச்சா அது ஒப்புக்கு வச்ச மாதிரி லா. நான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டேன்னு உனக்கே தெரியும். உள்ளயும் வச்சேன்."

"நான்தான் மா அரைச்சுக் குடுத்தேன்," என்றாள் உன் அத்தை, பெருமையாக. "பாக்கெட்டு தூளு ஆவாதுன்னு இவரு ஒரே பிடிவாதம்."

"அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, பையிலிருந்து, சாயம் எங்கே இருந்தாலும் மின்னவைத்துக் காட்டும் அந்தச் சின்ன நீல விளக்கை எடுத்தாய். அப்புறம் நடந்ததை நான் ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். மொள்ளி பச்சையாக மின்னியது. அரிசி குக்கர் மின்னியது. வாஷிங் மெஷினின் நெற்றி மின்னியது. உன் அத்தையின் பத்து விரலும் பத்துப் பச்சை மெழுகுவர்த்தியாக எரிந்தன. அடுப்பில் இருந்த சாம்பார்ச் சட்டிக்குள் ஒரு பச்சை நிலா உதித்தது. என் சட்டை முன்புறம், நான் நேற்று என்ன சாப்பிட்டேன், முந்தாநாள் என்ன சாப்பிட்டேன் என்ற வரலாறு முழுவதையும் வெளியிட்டது.

"ஆத்தாடி, வீடு பூரா அணுகுண்டு!" என்றாள் உன் அத்தை.

நீ தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எங்கள் கூரையில் ஒரு ஓடு நகர்ந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு அப்பவே உதைச்சிச்சு மாமா. பாறைக்குள்ளேருந்து சாயம் வந்தா கொஞ்சங்கொஞ்சமா ஏறணும். இது விஜயதசமி அன்னிக்கே உச்சியில நிக்குது, அப்புறம் வாராவாரம் பாதி பாதியா குறையுது. துணி அலசுற மாதிரி. எந்தப் பாறையும் இப்படிப் பண்ணாது."

"உங்க மெஷினுக்கு மஞ்சளுக்கும் சாயத்துக்கும் வித்தியாசம் தெரியாதா மா? நம்ம கண்ணையாவுக்கே தெரியுமே."

"அந்தச் சின்ன மெஷினுக்குத் தெரியாது, ரெண்டும் பச்சையாத்தான் மின்னும். பெரிய மெஷின்ல போட்டாத் தெரியும். இனிமே போடுறேன்."

நான் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "தேனு, கண்ணையாகிட்ட மட்டும் சொல்லிடாத மா. இப்பத்தான் மைக் குடுத்தான்."

"உங்க பேரு வராது மாமா," என்றாய். "ஆனா மஞ்சள் வரும்."

சொன்னபடியே செய்தாய். உன் அறிக்கையை நான் பதினேழு முறை படித்துவிட்டேன். 'நீர் எடுக்கும் கருவியில் உள்ளூர்த் தாவரச் சாயம் ஒன்று கலந்திருந்தது.' அவ்வளவுதான்! என் பெயர் இல்லை, அத்தையின் பெயர் இல்லை, அம்மியின் பெயர்கூட இல்லை. இவ்வளவு நாசூக்கான வாக்கியத்தை அரசாங்கத் தாளில் நான் கண்டதில்லை. இதுதான் இரண்டாவது நன்றி.

ஆனால் ஊருக்கு வாயால் சொல்ல வேண்டியிருந்ததே. கோயில் மண்டபத்தில் நீ தனியாக மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பச்சைன்னு வந்தது பாறைத் தண்ணியில இல்ல, கருவியில இருந்தது. மறுபடி பாக்கணும்" என்று சொன்னதும் கண்ணையா எழுந்தார். "ஏன் மா, போன மாசம் பச்சை, இந்த மாசம் பச்சை இல்லையா? மேலேருந்து சொல்லச் சொன்னாங்களா? எங்களையெல்லாம் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு?" என்றார். பின்வரிசை எல்லாம் கத்தியது. உன் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அந்த நிமிஷமே அடங்கியிருப்பார்கள். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியும். நீ திரும்பாததால்தான் என் கால் தானாக எழுந்தது. "அது வேற யாரும் இல்ல. மஞ்சள் என்னுது. ஆயுத பூஜைக்குப் பூசினேன். உள்ளயும் பூசினேன்" என்றேன். மண்டபத்தில் மின்விசிறியே ஒரு கணம் நின்று யோசித்தது. அப்புறம் எழுந்த சிரிப்பு மூவார் வரை கேட்டதாகத் தகவல். அது அடங்கியதும் கண்ணையா என்னிடம், "அண்ணே, அந்தப் பொன்னாடை பத்திரமா இருக்கா? தைப்பூசத்துக்கு வேற ஆளுக்குப் போர்த்தணும்" என்றார். உன் அத்தை அதை அதற்குள் தையல் மெஷினுக்கு உறையாகத் தைத்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் உன்னைக் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது, கவனித்தாயா? "சரி மா, அப்ப தண்ணி உண்மையில எப்படி?" என்று கேட்டார்கள். நீயும், "எனக்கு இன்னும் தெரியாது. பாத்துட்டு எதுவா இருந்தாலும் இதே இடத்துல வந்து சொல்றேன்" என்றாய். அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்குமுன் தெரியாது என்று சொல்லி மரியாதை வாங்கியதில்லை.

மூன்றாவது நன்றி, அத்தனைக்கும் பிறகு என்னை வேலையை விட்டுத் தூக்காததற்கு. புது மொள்ளிகளை உறை பிரிக்காமல் அனுப்பினாய். ஒவ்வொரு வாரமும் துளைத் தண்ணீர் ஒரு புட்டி, பைப் தண்ணீர் ஒரு புட்டி, கடையில் வாங்கிய தண்ணீர் ஒரு புட்டி என்று மூன்றும் எடுக்கச் சொன்னாய், நான் குளறுபடி செய்தால் மூன்றும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும் என்று. நீல விளக்கையும் என்னிடமே விட்டுப்போனாய். இப்போதெல்லாம் என் வீட்டில் புதனும் வியாழனும் மஞ்சளுக்கு ஊரடங்கு. அந்த இரண்டு நாளும் உன் அத்தை வைக்கும் ரசத்தைப் பார்த்தால் அதற்கு ஏதோ வியாதி என்று தோன்றும். கையுறை போட்டுக்கொண்டு நான் துளைக்கு நடந்துபோவதைப் பார்த்து எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கிறது. நவம்பர் ஆறு முதல் ஒன்பது வியாழக்கிழமை, இருபத்தேழு புட்டி, அத்தனையும் கும்மிருட்டு! இன்றைக்குப் பத்தாவது. இந்தக் கடிதத்தை மடித்துவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போகிறேன். அதுவும் இருட்டாகத்தான் இருக்கும், நீ யோசிக்காமல் கையெழுத்துப் போடு. உலகத்திலேயே உறுதியான பாறை நம் ஏழாம் கட்டைப் பாறைதான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போக வேண்டுமென்றால் அது என்னிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

நீ துளைக்கும் கல்லெல்லாம் உன்னிடம் உள்ளதைச் சொல்லட்டும். உன் காது மடல் இனி எந்தக் கூட்டத்திலும் சிவக்காமல் இருக்கட்டும். மெர்சிங் கடற்காற்றில் தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொல்லி உன் அத்தை உத்தரவு. அவள் சுட்ட அச்சு முறுக்கு ஒரு டின் செல்வாவிடம் வருகிறது. டின்னை நான் தட்டிப் பார்த்துவிட்டேன், ஓசை சுத்தம்.

இப்படிக்கு, பாறையினும் உறுதியான பாசத்துடன்,
காளிதாஸ் மாமா
(ரப்பர் ஸ்டாம்ப்)

பின்குறிப்பு. மணி மூன்றரை.

தேனு, மேலே எழுதியதில் நன்றியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடு.

இரண்டு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. புது மொள்ளியின் உறையை அங்கேயே பிரித்து இறக்கினேன். கயிறு போன வாரத்தைவிட ஓர் ஆள் உயரம் குறைவாகப் போனதுமே தண்ணீர் தட்டியது, மழையில் துளைத் தண்ணீர் மேலேறியிருக்கிறது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி மூன்று புட்டிக்கும் விளக்கடித்தேன். பைப் தண்ணீர் இருட்டு. கடைத் தண்ணீர் இருட்டு. துளைத் தண்ணீர் பச்சை.

நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று கையுறையைக் கழற்றிக் கையைப் பார்த்தேன், கை இருட்டு. அத்தையைக் கூப்பிட்டு அவள் விரலைப் பார்த்தேன். "நேத்தியிலேருந்து நான் மஞ்சள் டப்பாவத் தொடவே இல்லைங்க, சாமி சத்தியமா" என்றாள். இன்னொரு மொள்ளியைப் பிரித்து, இன்னொரு புட்டியில் எடுத்தேன். பச்சை. அன்றைக்கு மாதிரி பளீரென்று இல்லை, மங்கல்தான். நீ சொன்னாயே, பாறையிலிருந்து வந்தால் கொஞ்சங்கொஞ்சமாக ஏறும் என்று, அந்தக் கொஞ்சம் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. பெரிய மெஷினில் போட்டுப் பார்.

ஆலையில் ஒரு டின் கெட்ட ஓசை கொடுத்தால் அன்றைய அடுக்கு முழுவதையும் நிறுத்துவேன். முதலாளி வந்து நின்றாலும் நகர விட்டதில்லை. அப்போது உள்ளே இருந்தது வெறும் அன்னாசிதான். நாளைக்குக் கையெழுத்துப் போடாதே மா.

கண்ணையாவிடம் நான் மூச்சுவிடவில்லை. அது நீ வந்து சொல்ல வேண்டியது, நீ அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. இந்தத் தடவை யார் போர்த்தினாலும் நான் பொன்னாடை வாங்க மாட்டேன். எனக்கு ஒரே ஒரு நிம்மதி, அந்தக் குழிக்குள் இன்னும் வெறும் சாயம் மட்டும்தான் இருக்கிறது. வேறு எதுவும் இறங்குவதற்கு முன்னால் நீ சாயத்தை ஊற்றிப் பார்த்தாயே, அதற்கு நன்றி. மேலே சொன்ன மூன்றையும்விட இதுதான் பெரிய நன்றி.

செல்வா ஹாரன் அடிக்கிறான். சனிக்கிழமை வந்துவிடு. அத்தை மஞ்சள் போடாமல் சாம்பார் வைக்கிறேன் என்கிறாள். வாயில் வைக்க முடியாது. இருந்தாலும் வா.